கேட்டதும் சொன்னதும்: தொட்டில் முதல் தவில் வரை

சென்ற இதழில் “பாட்டு ஏன் நம்மை உருக்குகிறது?” என்று கேட்டு எழுதச் சொல்லியிருந்தோம். செட்டிநாட்டு ஊர்களிலிருந்து வந்த கடிதங்களில் சில இங்கே. இசை சொல்லிக்கொடுப்பவர்களும் ஒலியியல் அறிந்தவர்களும் சேர்ந்து பதில் எழுதியிருக்கிறோம்.

இசை எங்கிருந்து வந்தது? பறவைகளைக் கேட்டு மனிதன் கற்றுக்கொண்டான் என்று என் பேரன் சொல்கிறான். சரியா?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், தேவகோட்டை)

உங்கள் பேரன் சொல்வதற்கு நெருக்கமான ஒன்றை டார்வினும் 1871-இல் எழுதினார். பறவை துணையைக் கவரப் பாடுவதுபோல, பேச்சு வருவதற்கு முன்பே மனித இனத்தின் முன்னோர் குரலால் துணை தேடியிருக்கலாம் என்பது அவர் கருத்து. ஆனால் மனிதர்களில் யார் யாருக்குப் பாடுகிறார்கள் என்று பாருங்கள். காதலுக்குப் பாடாத ஆள் எத்தனையோ பேர். குழந்தைக்குப் பாடாத ஊர் இருக்கிறதா? சிறு சமூகங்கள் 86-இல் பதிவான பாடல்களை 14 விநாடி அளவுக்கு வெட்டி, 60 நாடுகளில் இருந்தவர்களுக்குப் போட்டுக் காட்டிய ஆய்வு 2018-இல் வெளிவந்தது. மொழி புரியாமலேயே தாலாட்டையும் ஆட்டப் பாட்டையும் அவர்கள் நன்றாக அடையாளம் கண்டார்கள். காதல் பாட்டைத்தான் கண்டுபிடிக்க முடியவில்லை. அதனால்தான் நாங்கள் தொட்டில் பக்கம் சாய்கிறோம்.

கையில் கிடைத்த சான்றுகளில் பழையவை எலும்புக் குழல்கள். ஜெர்மனியில் ஹோலே ஃபெல்ஸ் என்ற குகையில் 2008-இல் எடுத்த குழல், பிணந்தின்னிக் கழுகின் இறக்கை எலும்பில் செய்தது. நீளம் சுமார் 22 செ.மீ., விரல் துளைகள் 5. வயது 35,000 ஆண்டுக்கு மேல். துளை போடுமிடத்தை அளந்து போடும் அளவுக்கு ஒருவன் தேர்ந்திருந்தால், அவன் காதில் சுரம் அதற்கு வெகுகாலம் முன்பே குடியிருந்திருக்க வேண்டும். குரலுக்கு எலும்பு கிடையாது, மண்ணில் தங்காது. ஆகவே பாட்டு குழலைவிட மூத்தது என்று தைரியமாகச் சொல்லலாம்.

பேரனை ஒரு நாள் குடுமியான்மலைக்குக் கூட்டிப்போங்கள். புதுக்கோட்டையிலிருந்து சுமார் 20 கி.மீ. குடைவரைக்குப் பக்கத்துப் பாறையில், ஏறத்தாழ ஏழாம் நூற்றாண்டில், கிரந்த எழுத்தில் சுரங்களை ஏழு பகுதிகளாக வெட்டி வைத்திருக்கிறார்கள். கடைசியில் தமிழில் ஒரு வரி: “எட்டிற்கும் ஏழிற்கும் இவை உரிய”. எட்டு நரம்புக் கருவிக்கும் ஏழு நரம்புக் கருவிக்கும் பொருந்தும் என்று அதற்குப் பொருள் சொல்கிறார்கள். வாசிக்கிறவனுக்கு எழுதி வைத்த பயிற்சிக் குறிப்பு கல்லில் நிற்கிறது.

என் மகளுக்கு ஏழு மாதம். ஃபோனில் தாலாட்டுப் போட்டால் தூங்குவதில்லை. அப்பத்தா சேலைத் தொட்டிலை ஆட்டி “ஆராரோ” என்றால் பத்து நிமிடத்தில் தூங்கிவிடுகிறாள். அப்பத்தா குரல் ஒன்றும் பிரமாதமில்லை. என்ன ரகசியம்?
(வாசகி, காரைக்குடி)

இந்த இதழுக்கு வந்ததிலேயே எங்களுக்கு மிகவும் பிடித்த கேள்வி. கணக்குப் போட்டே காட்டலாம்.

தொட்டில் ஓர் ஊசல். அது ஒருமுறை போய்த் திரும்ப எடுக்கும் நேரத்தை, மேலே கட்டிய கொக்கியிலிருந்து குழந்தையின் உடல் வரை உள்ள நீளம்தான் தீர்மானிக்கிறது. குழந்தையின் எடைக்கு அதில் வேலையே இல்லை. 1 மீட்டர் என்றால் 2 விநாடி. 2 மீட்டர் என்றால் 2.8. உங்கள் பக்கத்து வீடுகளில் உத்திரம் உயரத்தில் இருக்கும், 2.5 மீட்டர் தொங்கவிடலாம். அப்போது கிட்டத்தட்ட 3.2 விநாடி. போகும்போது “ஆராரோ”, வரும்போது “ஆரிரரோ” என்று அப்பத்தா பாடுகிறார் அல்லவா? ஒவ்வொரு சொல்லுக்கும் 1.6 விநாடி. அவர் தாளம் போட்டுப் பாடவில்லை, தொட்டில் தாளம் கொடுக்கிறது, அவர் அதில் ஏறிக்கொள்கிறார். அடுக்குமாடி வீட்டில் ஸ்பிரிங் தொட்டில் ஆட்டும்போது அதே பாட்டு அவசரப்படுவதற்கும் காரணம் இதுதான்.

குழந்தைக்கு இதில் என்ன கிடைக்கிறது? பிறந்து இரண்டு மூன்று நாளே ஆன சிசுக்களுக்குத் தாளத்தை ஒலிக்கவிட்டு, வலுவான ஓர் அடியை மட்டும் விட்டுவிட்டால், அவற்றின் மூளை “அடி எங்கே?” என்று விழித்துக்கொள்வதை 2009-இல் அளந்து காட்டினார்கள். அதாவது அடுத்த அடியை எதிர்பார்ப்பது நாம் கொண்டு பிறந்த பழக்கம். தொட்டில் போகிறது, திரும்பி வருகிறது. எதிர்பார்த்தது எதிர்பார்த்த நேரத்தில் வந்தால் பயம் இல்லை. பயம் இல்லாத இடத்தில்தான் தூக்கம் வரும்.

ஃபோன் தோற்பதற்குக் காரணம் மூன்று. அதன் சின்ன ஒலிபெருக்கியில் குரலின் அடித்தளம் வராது. பெண்குரலின் அடிப்படை அதிர்வு விநாடிக்கு 200-ஐ ஒட்டியது, கைப்பேசி அந்த இடத்தில் பலவீனமாகவும் அதற்கு மேலே கீச்சென்றும் ஒலிக்கும். இரண்டாவது, பதிவான பாட்டின் வேகமும் உங்கள் தொட்டிலின் வேகமும் சேராது. கண்ணும் உடலும் ஒரு கணக்கு, காது வேறு கணக்கு. மூன்றாவதுதான் முக்கியம்: குழந்தை சிணுங்கினால் அப்பத்தா குரலைத் தாழ்த்துவார், இழுப்பார், நிறுத்தி “ம்ம்” என்பார். ஃபோன் குழந்தையைக் கேட்பதில்லை.

நீங்களே பாடுங்கள். குரல் நயம் தேவையில்லை, வயிற்றில் இருக்கும்போதே கேட்ட குரல் உங்களுடையது. பச்சைக் குழந்தைகள் அன்னியப் பெண்ணின் குரலைவிடத் தாய்க்குரலையே நாடுவது 1980-இலேயே சோதித்து அறியப்பட்டது. செய்முறை இது. உங்களுக்கு வசதியான சுருதியைவிடச் சற்றுக் கீழே தொடங்குங்கள். அழுகை வேகமாக இருந்தால் முதல் ஒன்றிரண்டு நிமிடம் தொட்டிலைச் சிறிய வீச்சில், பாட்டைச் சற்று விரைவாக வைத்துக்கொள்ளுங்கள். அழுகை தணியத் தணிய வரிகளுக்கு நடுவே இடைவெளியை நீட்டுங்கள். ஒரு மூச்சுக்கு ஒரு வரி. கடைசியில் சொல்லை விட்டுவிட்டு முனகல் மட்டும். பலரும் செய்யும் தவறு, கண் மூடியதும் பாட்டையும் ஆட்டத்தையும் ஒரே நேரத்தில் நிறுத்துவது. குழந்தை திடுக்கிட்டு விழிக்கும். முதலில் பாட்டை நிறுத்துங்கள், தொட்டில் தானாக ஓயட்டும். சேலையின் விளிம்பு முகத்தில் விழாதபடி தொட்டில் கம்பு கட்டாயம் போடுங்கள். ஃபோனைத் தொட்டிலுக்குள் வைக்கவே வேண்டாம்.

தால் என்றால் நாக்கு. நாக்கை ஆட்டுவதால் தாலாட்டு என்று சொல்வார்கள். செட்டிநாட்டுத் தாலாட்டில் மாமன் கொண்டுவரும் சீரும், கொண்டுவிக்க (கடல் கடந்து வணிகம் செய்ய) போன அப்பச்சி, அதாவது அப்பா, திரும்பும் கப்பலும் வரும். குழந்தைக்கு அது புரியப்போவதில்லை. பாடுகிற பெண்ணுக்கு ஆறுதல் வேண்டியிருந்தது, அவள் மூச்சு சீராக வேண்டியிருந்தது. அந்த மூச்சைத்தான் குழந்தை பிடித்துக்கொள்கிறது.

முகாரி அழவைக்கும் என்கிறார்கள். ராகத்திலேயே சோகம் இருக்கிறதா, அல்லது நாம் பழகிக்கொண்டதா?
(கல்லூரி மாணவர், பள்ளத்தூர்)

இரண்டும். ஆனால் சம அளவில் இல்லை.

உடலோடு வந்த பங்கு: துக்கத்தில் குரல் தாழும், மெதுவாகும், ஒவ்வொரு மூச்சின் முடிவிலும் கீழே சரியும். ஒப்பாரியைக் கவனியுங்கள். வரி உயரத்தில் “என்னப் பெத்த” என்று வெடித்துத் தொடங்கி, படிப்படியாக இறங்கி, விம்மலில் உடையும். கேட்பவர் உடல் அதைப் பாட்டாகக் கேட்பதற்கு முன் அழுகையாகக் கேட்டுவிடுகிறது. வானொலியே கேட்டிராத கேமரூன் நாட்டு மாஃபா மக்களுக்கு மேலைநாட்டு இசையைப் போட்டபோது, மகிழ்ச்சி, சோகம், அச்சம் மூன்றையும் குருட்டாம்போக்கில் சொல்வதைவிடச் சரியாகவே பிரித்துச் சொன்னார்கள் (2009).

பழக்கத்தின் பங்கு: இது இனிமை, இது கரடுமுரடு என்ற தீர்ப்புக்கூட எல்லோருக்கும் ஒன்றல்ல. பொலிவியாவின் சிமானே மக்கள், நமக்கு நாராசமாகப் படும் சுரச் சேர்க்கைகளையும் இனிமையானவற்றுக்குச் சமமாகவே ரசித்ததை 2016-இல் பதிவு செய்தார்கள்.

இப்போது முகாரியைப் பாருங்கள். ஏறும்போது ச ரி ம ப நி த ச, அங்கே “த” என்னும் தைவதம் சதுஸ்ருதி, உயர்ந்த வகை. இறங்கும்போது ச நி த ப ம க ரி ச, அங்கே தைவதம் சுத்தம், அதாவது அரை சுரம் தாழ்ந்தது. போகும்போது நிமிர்ந்து நின்ற அதே சுரம் வரும்போது பஞ்சமத்தின்மேல் சாய்ந்து விழுகிறது. பெருமூச்சின் வடிவம் அது. அதன்மேல் தலைமுறை தலைமுறையாக நாடகத்திலும் சினிமாவிலும் இறப்புக் காட்சிகளுக்கே முகாரியை வைத்து நம் காதைப் பழக்கிவிட்டார்கள். அதே முகாரியில் பக்தியும் பெருமிதமும் ததும்பும் கீர்த்தனைகள் இருக்கின்றன. மத்திம காலத்தில் (நடுத்தர வேகத்தில்) கேட்டால் அழுகை வராது. சோகத்தை முடிவு செய்வதில் சுரங்களைவிட வேகத்துக்குப் பங்கு அதிகம் என்பது எங்கள் துணிபு. சோதிக்க வேண்டுமா? உங்களுக்குச் சோகமாகப் படும் ஒரு பாட்டை ஃபோனில் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டிக் கேளுங்கள்.

கோயில் திருவிழாவில் தவில் தனி கேட்கும்போது ஒரு குறிப்பிட்ட இடத்தில் எனக்குப் புல்லரிக்கும். எனக்குத் தாளக் கணக்கு ஒன்றும் தெரியாது. தெரியாதவனுக்கு எப்படி?
(வாசகர், குன்றக்குடி)

கணக்கு தெரியாவிட்டாலும் உங்கள் உடல் எண்ணிக்கொண்டுதான் இருக்கிறது.

அந்த இடம் பெரும்பாலும் தீர்மானம் (ஒரே சொற்கட்டை மும்முறை வாசிக்கும் முடிப்பு) முடிந்து சமத்தில், அதாவது தாளச் சுற்றின் முதல் அடியில், விழும் இடமாக இருக்கும். எளிய ஒன்றைப் பிரித்துப் பார்ப்போம். ஆதி தாளம் 8 அட்சரம், ஒவ்வொன்றிலும் 4 மாத்திரை, மொத்தம் 32. “ததிகிணதொம்” 5 மாத்திரை. இரண்டு முறை சொன்னால் 10. பிறகு 1 மாத்திரை மௌனம். மறுபடி 10, மறுபடி 1, மறுபடி 10. கூட்டினால் 10+1+10+1+10 = 32. அடுத்த அடி சமம்.

முதல் 10 வரும்போது உங்களுக்கு ஏதோ ஓடுகிறது, அவ்வளவுதான். ஐந்தைந்தாகப் போவதால் நான்கு நான்காகப் போடும் கைத்தாளத்தோடு முட்டும், வழி தவறிவிட்டதுபோல இருக்கும். இரண்டாம் முறை, “இது முன்பு வந்ததல்லவா?” என்று காது பிடித்துக்கொள்ளும். மூன்றாம் முறை தொடங்கும்போதே முடியுமிடம் தெரிந்துவிடும். மூச்சை அடக்கிக் காத்திருப்பீர்கள். தொட்டில் திரும்பி வருவதுபோல, சமம் சரியாக வந்து நிற்கும்.

மாண்ட்ரியலில் செய்து 2011-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, சிலிர்ப்பு வரும் கணத்தை மூளைப் படத்தோடு ஒப்பிட்டது. இன்பத்தோடு தொடர்புடைய டோபமைன் இரு தவணையாகச் சுரந்தது: உச்சத்துக்குச் சில விநாடி முன்பு, காத்திருக்கும்போதே, ஓரிடத்தில், உச்சம் வந்தபோது வேறோர் இடத்தில். பசித்தவனுக்குச் சோறு கொடுக்கும் இன்பப் பாதையும் அதுவே. நாதஸ்வர ஆலாபனையில் நிஷாதத்திலேயே நின்று, சுற்றி, மேல் ஷட்ஜத்தைத் தொடாமல் தள்ளிப்போட்டுப் பிறகு தொடுவார்களே, அங்கேயும் இதே வேலைதான் நடக்கிறது. மூன்றாம் முறையை அவசரமாக முடித்தால் சிலிர்ப்பு வராது. நடுவிலுள்ள அந்த 1 மாத்திரை மௌனத்தைத் தின்றுவிட்டால் மொத்தமும் கெடும். நல்ல வித்வான் அந்த மௌனத்தைக் காப்பாற்றுவார்.

எங்கள் வீட்டுச் சாந்திக்கு (அறுபதாம் கல்யாணத்துக்கு) நல்ல மேளம் ஏற்பாடு செய்தோம். கோயிலில் கேட்டு உருகிய அதே வித்வான்கள். வீட்டுக்குள் வெறும் இரைச்சலாக இருந்தது, யாருக்கும் மனம் ஒட்டவில்லை. தவறு எங்கே?
(வாசகர், கானாடுகாத்தான்)

தவறு வீட்டின் பளபளப்பில். முட்டை வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்த்த சுண்ணாம்புச் சுவர், ஆத்தங்குடிக் கல் தரை, தேக்குப் பலகை மேல்தளம். பார்ப்பதற்கு அழகு, ஆனால் ஒலியை விழுங்காது. பட்டதைத் திருப்பியடிக்கும்.

ஒரு கூடத்தை 12 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், 5 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்வோம். கொள்ளளவு 360 கன மீட்டர். தரை, சுவர், மேல்தளம் சேர்ந்து 324 சதுர மீட்டர். இத்தகைய வழுவழுப்பான பரப்பு தன்மேல் படும் ஒலியில் 100-க்கு 3 பங்குதான் விழுங்கும். அதாவது மொத்த வீடும் சேர்ந்து 10 சதுர மீட்டர் திறந்த ஜன்னலுக்குச் சமம். ஒலி அடங்கும் நேரத்துக்கு வாய்பாடு: கொள்ளளவை 0.161-ஆல் பெருக்கி, விழுங்கும் பரப்பால் வகுக்க வேண்டும். 58 வகுத்தல் 10, கிட்டத்தட்ட 6 விநாடி. வேக காலத்தில் தவிலில் விநாடிக்கு எட்டு அடி விழுகிறது என்றால், ஓர் அடியின் ஒலி அடங்குவதற்குள் நாற்பதுக்கு மேல் புதிய அடிகள் அதன்மேல் விழுகின்றன. மேலே சொன்ன ஒரு மாத்திரை மௌனம் எப்படிக் காதில் விழும்? மௌனம் போனால் எதிர்பார்ப்பும் போயிற்று. மனம் ஒட்டாததற்குக் காரணம் அதுதான்.

வளவு முற்றத்தின் பக்கம் 20 சதுர மீட்டர் திறந்தால், போன ஒலி திரும்பாது. விழுங்கும் பரப்பு 30 ஆகும், நேரம் 2 விநாடிக்கு இறங்கும். 60 பேர் உட்கார்ந்தால் ஆளுக்கு ஏறத்தாழ 0.45 சதுர மீட்டர், இன்னொரு 27. நேரம் 1 விநாடி. மேளத்துக்கு இது போதும். விருந்தினர் எல்லோரும் இரண்டாம் கட்டில் பந்தியில் இருக்கும்போது காலிக் கூடத்தில் வாசிக்க வைத்திருப்பீர்கள் என்று ஊகிக்கிறோம்.

அடுத்த முறை முந்தின நாளே கூடத்தின் நடுவில் நின்று பலமாக ஒரு கைதட்டு தட்டி, ஒலி அடங்கும்வரை ஃபோனில் பதிவு செய்து எண்ணுங்கள். 2 விநாடிக்கு மேல் போனால் மேளத்தை முகப்புத் திண்ணைக்கோ முற்றத்து ஓரத்துக்கோ மாற்றுங்கள், நாதஸ்வரத்தின் விரிந்த வாயான அணசு வானத்தைப் பார்க்கட்டும். நாதஸ்வரம் திறந்தவெளிக்குப் பிறந்த வாத்தியம். உள்ளேதான் வைக்க வேண்டும் என்றால் எல்லாக் கதவுகளையும் திறந்துவிடுங்கள். தவிலைச் சுவரை ஒட்டியும் மூலையிலும் வைக்கவே கூடாது, தவிலில் தாழ்ந்த ஒலி தரும் தொப்பிப் பக்கம் அங்கே வீங்கி ஒலிக்கும். மெல்லிய ஜமக்காளமும் ஓலைத் தடுக்குகளும் நாதஸ்வரத்தின் கூர்மையைச் சற்றுக் குறைக்கும், தொப்பிக்கு அவை பயன்படா. அதற்குப் பஞ்சு மெத்தைகள் வேண்டும், எதிர்ச் சுவரோரம் நிறுத்தி மேலே துணி போர்த்திவிடலாம். வீட்டுக்குள் மைக் வேண்டாம். நான்கு மூலையில் ஒலிபெருக்கி கட்டினால் நான்கு மடங்கு குழப்பம்.

சொல் புரிந்தால்தான் உருகமுடியுமா? தமிழிசை இயக்கம் அதைத்தானே சொன்னது?
(வாசகி, கோட்டையூர்)

சொல் இல்லாத நாதஸ்வரம் உருக்குகிறதே. ஆனால் சொல் இன்னொரு கதவு. கேட்பவர் மொழியில் பாடுங்கள், அந்தக் கதவையும் திறங்கள் என்பதே இயக்கத்தின் கோரிக்கை. உங்கள் பக்கத்துக் கானாடுகாத்தான்காரரான ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் அதற்குப் பொருளும் உழைப்பும் கொடுத்தார். 1943-இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தொடங்கியது. இன்று கச்சேரிகளில் தமிழ்ப் பாட்டு துக்கடாவாக (கடைசியில் பாடும் சிறு உருப்படியாக) மட்டும் நிற்காமல் இருப்பதில் அந்தச் சண்டைக்குப் பங்கு உண்டு.

வீணை கற்கிறேன். ஆசிரியர் வாசித்தால் உருகுகிறது, அதே வீணையில் நான் அதே சுரத்தை வாசித்தால் ஒன்றும் இல்லை. கோடையில் வீணையே கோணலாக ஒலிக்கிறது.
(மாணவி, காரைக்குடி)

காரைக்குடி சகோதரர்களின் ஊரிலிருந்து இந்தக் கேள்வி! மூத்தவர் சுப்பராம ஐயர் வீணையைச் செங்குத்தாக நிறுத்தி வாசித்தவர். இளையவர் சாம்பசிவ ஐயர். மீட்டின் சுத்தமும் சுரத்தின் இடமும் பிசகாததே அவர்கள் பாணியின் பெருமை. உங்கள் கேள்விக்கும் விடை அங்கேதான், சுரத்தின் இடத்தில்.

வீணையின் 24 மெட்டுகளும் (தந்தியை அழுத்தும் உலோகக் கட்டைகள்) மெழுகில் பதிந்தவை. வெயிலில் வைத்தாலும், மூடிய காரில் விட்டாலும் மெழுகு இளகும், அழுத்தி வாசிக்கும் மெட்டு மயிரிழை சாயும். அது போதும். காது காத்திருக்கும் இடத்துக்குச் சுரம் வராது. வீட்டிலேயே இப்படிச் சோதியுங்கள். சாரணியை (முதல் தந்தியை) ஷட்ஜத்துக்குச் சேர்த்துக்கொண்டு, பஞ்சமத் தந்தியை ஐந்தாம் மெட்டில் பிடியுங்கள். திறந்த சாரணியும் அதுவும் ஒன்றாக ஒலிக்க வேண்டும். மந்தரத் தந்தியின் ஏழாம் மெட்டு, திறந்த பஞ்சமத்தோடு ஒன்ற வேண்டும். அதே மந்தரத் தந்தியின் பன்னிரண்டாம் மெட்டு, திறந்த சாரணியோடு. இரண்டு ஒலிக்கு நடுவே “வாவ் வாவ்” என்று அலை கேட்டால் சேரவில்லை. மூன்று தந்திகளிலும் ஒரே மெட்டு தவறினால் குற்றம் மெட்டில், ஒரே தந்தி எல்லா மெட்டிலும் தவறினால் குற்றம் தந்தியில், மாற்றிவிடுங்கள். மெட்டு சாய்ந்திருந்தால் நீங்களே மெழுகைச் சூடாக்க முயல வேண்டாம், மேளம் கட்டுபவரிடம் (மெட்டுகளைப் பதிப்பவரிடம்) கொடுங்கள்.

வீணை சரியாக இருந்தும் உருகவில்லை என்றால் உங்கள் இடது கையைப் பாருங்கள். தொடக்கத்தில் எல்லோரும் மெட்டின்மேலேயே விரலை வைத்து இழுப்பார்கள், சுரம் அடைபடும். மெட்டுக்குச் சற்றுப் பின்னால் பிடியுங்கள். முகாரியின் இறங்கும் தைவதத்தை எடுத்துக்கொண்டு, ஒரே மீட்டில், நிஷாதத்திலிருந்து வழுக்கி வந்து பஞ்சமத்தில் நிற்கும்வரை கையை எடுக்காமல் நாளைக்கு இருபது முறை. ஆசிரியர் எவ்வளவு நேரம் அந்தத் தைவதத்தில் தங்குகிறார் என்று எண்ணி வைத்துக்கொண்டு வாசியுங்கள்.